ஜூனா, ஜூலையா, ஓகஸ்டா, செப்டெம்பரா: ஒன்ராறியோ ஏரியில் எப்போது இறங்கலாம்?

மே மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை வெயில் 27 பாகையைத் தொட்டால் போதும், எனக்குத் தொலைபேசி வந்துவிடும். "அக்கா, நாளைக்கு ஏரியில குளிக்கலாமோ?" ரொறன்ரோவின் ஸ்காபரோப் பக்கத்துக் கரையில் பல வருடங்களாக நீந்துகிறவள் என்பதால் என்னைக் கேட்கிறார்கள். "காத்து 27, தண்ணி 8" என்று சொல்வேன். மறுமுனையில் சிரிப்பார்கள். நான் பகிடி விடுகிறேனாம்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஊர்க் கடல் வருடம் முழுக்க இளஞ்சூடாகக் கிடக்கும். வெயில் எறித்தால் இறங்கலாம் என்பதே நமக்குப் பழகிய கணக்கு. ஒன்ராறியோ ஏரியில் அந்தக் கணக்கு பிழைத்துவிடும். இங்கே வானம் ஒரு காலத்தைக் காட்டும், தண்ணீர் இரண்டு மாதம் பிந்திய இன்னொரு காலத்தில் இருக்கும்.

ரொறன்ரோவை ஒட்டிய வடகரையில் நீந்த நினைப்பவருக்கு நான்கு தெரிவுகள் உண்டு: ஜூன், ஜூலை, ஓகஸ்ட், செப்டெம்பர். மேயையும் ஒக்டோபரையும் குளிர்நீர்ப் பைத்தியங்களுக்கு விட்டுவிடுவோம். (நானும் அதில் ஒருத்திதான். அது வேறு கதை.)

## எதை வைத்து அளப்பது

தண்ணீரின் சூடு. உள்ளக நீச்சல் குளங்கள் 26 முதல் 28 பாகை வரை இருக்கும். அதற்குப் பழகிய உடம்புக்கு 22 பாகை முதலில் சுள்ளென்று இருந்தாலும் இரண்டு நிமிடத்தில் சுகமாகிவிடும். 18 என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கவேண்டும். 15க்குக் கீழே போனால் இது ருசிப் பிரச்சினையே இல்லை, உயிர்ப் பிரச்சினை. உலக நீச்சல் சம்மேளனமே திறந்தவெளி நீச்சல் போட்டிகளுக்கு 16 பாகையைக் கீழெல்லையாக வைத்திருக்கிறது, அதுவும் பயிற்சி பெற்ற வீரர்களுக்கு.

குளிர்நீர் ஆளை எப்படி வீழ்த்துகிறது என்பதை மனிற்றோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் 1–10–1 என்று சுருக்கிச் சொல்வார். முதல் 1 நிமிடம் மூச்சு கட்டுக்குள் இருக்காது. அடுத்த 10 நிமிடத்தில் கைகால் சொல்வழி கேட்பது குறைந்துகொண்டே போகும். உறைகுளிரில்கூட நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணித்தியாலம் ஆகும். ஆகவே விறைத்துச் சாவதற்கு முன்பே, முதல் நிமிடத்தில் தண்ணீரை உள்ளிழுத்துத்தான் பலர் போகிறார்கள். நல்லாக நீந்தத் தெரிந்தவரும் இதில் அடக்கம்.

நிலைத்தன்மை. நேற்று 20 பாகை என்றால் இன்றும் அப்படித்தானா? இந்த ஏரியில் இதை யாரும் கேட்பதில்லை. நான் முதலில் கேட்பது இதைத்தான்.

சுத்தம். ஈ.கோலை கிருமி 100 மில்லிலீற்றரில் 200க்கு மேல் போனால் நீந்தவேண்டாம் என்பது மாகாண அளவு. ரொறன்ரோ அதைவிடக் கடுமையாக 100ஐ வைத்திருக்கிறது. ஆனால் மாதிரி எடுத்து முடிவு வர ஒரு நாள் ஆகும். பீச்சின் அறிவிப்புப் பலகையில் நீங்கள் வாசிப்பது நேற்றைய தண்ணீரைப் பற்றிய செய்தி.

காவல். உயிர்காப்பாளர் இருக்கிறாரா? பிள்ளைகளோடு போகிறவருக்கு மற்ற எல்லாவற்றையும்விட இது பெரிது.

கரையேறிய பின். துவாயைச் சுற்றிக்கொண்டு நிற்கும்போது காற்று எப்படி, வெளிச்சம் எவ்வளவு நேரம்? நாம் பெரும்பாலும் மறந்துவிடும் ஒன்று இது.

## ஏரி ஏன் இவ்வளவு பிந்துகிறது

ஒன்ராறியோ ஏரியின் சராசரி ஆழம் 86 மீற்றர், ஆகக் கூடிய ஆழம் 244 மீற்றர். நன்னீர் 4 பாகையில்தான் ஆகக் கனமானது. மாரி முடியும்போது ஏரி அதைவிடக் குளிர்ந்து கிடக்கும். வசந்த வெயில் மேற்பரப்பைச் சூடாக்க, சூடான நீர் 4 பாகையை நெருங்கிக் கனத்துக் கீழே போய்விடும்; கீழிருந்து குளிர்நீர் மேலே வரும். முழு ஏரியும் 4 பாகையைத் தாண்டும்வரை மேலே சூடு தங்காது. ஓட்டைப் பானையில் தண்ணீர் நிரப்பும் வேலைதான். ஜூன் கடைசி அளவில்தான் மேலே ஒரு சூடான படலம் உருவாகி, கீழேயுள்ள குளிரோடு கலக்காமல் மிதக்கத் தொடங்குகிறது.

அந்தக் குளிர் கோடையிலும் எங்கும் போவதில்லை. 2004 முதல் ரொறன்ரோ நகர மையத்துக் கட்டடங்கள் பலவற்றைக் குளிரூட்டுவது, கரையிலிருந்து 5 கிலோமீற்றர் தள்ளி 83 மீற்றர் ஆழத்தில் எடுக்கும் 4 பாகைத் தண்ணீர்தான். ஜூலை நடு மத்தியானத்திலும் அது 4 பாகைதான்.

## ஒரே பார்வையில்

| | ஜூன் | ஜூலை | ஓகஸ்ட் | செப்டெம்பர் |
|---|---|---|---|---|
| கரையோர நீர் (ஏறத்தாழ) | 10–16 பாகை | 15–21 பாகை | 19–23 பாகை | 17–20 பாகை, பிற்பாதியில் இறங்கும் |
| திடீர் மாற்றம் | எப்படியும் குளிர்தான் | மிக அதிகம் | உண்டு | உண்டு |
| சுத்தம் | மழையைப் பொறுத்தது | மழையைப் பொறுத்தது | மழை, பாசி, வாத்து எச்சம் | பெரும்பாலும் நல்லது, ஆனால் சோதனை நின்றுவிடும் |
| உயிர்காப்பாளர் | உண்டு | உண்டு | உண்டு | தொழிலாளர் தினத்தோடு (செப்டெம்பர் முதல் திங்கள்) முடிவு |
| சனம் | குறைவு | நிறைய | மிக நிறைய | யாருமில்லை |
| மறைவான செலவு | வெட்சூட் (குளிர் தாங்கும் நீச்சலுடை) | வீணாகும் பயணம் | தரிப்பிடம், பொறுமை | துணை தேடவேண்டும் |

வெப்பநிலை எண்களைச் சட்டமாக எடுக்காதீர்கள். ஏன் என்பது ஜூலையில் விளங்கும்.

## ஜூன்: வெயிலுக்கு நல்லது

பகல் நீளம். ஜூன் 21இல் சூரியன் மறைய இரவு ஒன்பதாகும். பூங்காக்கள் பச்சை, மணல் சூடு, படம் எடுக்க அருமையான மாதம். தண்ணீர் மட்டும் இன்னும் மாரியில் நிற்கிறது. முழங்கால்வரை நனைத்துவிட்டுப் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடுவார்கள், அது போதும்.

நீந்தவே வேண்டுமென்றால் வெட்சூட் வேண்டும். ஒரு மாத ஆசைக்காக அதை வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒக்டோபர்வரை நீந்தும் எண்ணம் இருந்தால் மட்டும் வாங்கலாம். இன்னொன்று: காற்று சூடாகவும் தண்ணீர் குளிராகவும் இருக்கும் இந்த மாதத்தில் ஆபத்து கூடத் தெரியாது. வள்ளத்திலோ துடுப்புப் பலகையிலோ மிதக்கப் போகிறவர்கள் 28 பாகை வெயிலுக்கு உடுத்திக்கொண்டு, 12 பாகைத் தண்ணீரில் தவறி விழுகிறார்கள். உயிர்காப்பு அங்கியை ஜூனில் கழற்றவே வேண்டாம்.

ஜூன் யாருக்கு நல்லது? குளிருக்கு உடம்பைப் படிப்படியாகப் பழக்க நினைப்பவருக்கு. வேறு யாருக்கும் இல்லை.

## ஜூலை: சூதாட்டம்

ஜூலை என்றால் கோடை, கோடை என்றால் நீச்சல் என்று எல்லாரும் நம்புகிறோம். நானும் நம்பினேன். ஒரு வருடம் ஜூலை நடுவில் வெளியூரிலிருந்து வந்த உறவினர் எட்டுப் பேரை, முதல் நாள் நான் சுகமாக நீந்திய அதே பீச்சுக்குக் கூட்டிப் போனேன். மேகமே இல்லாத வானம், இலேசான காய்ந்த காற்று, பெட்டி நிறையச் சாப்பாடு. மச்சான் முதலில் ஓடிப்போய்ப் பாய்ந்தார். வந்த சத்தத்தில் பக்கத்துக் குடும்பம் எழுந்து நின்றது. வெப்பமானியைப் போட்டுப் பார்த்தேன்: 9 பாகை. "நேற்று 20 எண்டாய்" என்று அவர் இன்றைக்கும் என்னைக் கேட்பார்.

நடந்தது இதுதான். மேற்கிலிருந்து வரும் மேல்காற்று ஒரு நாள், இரண்டு நாள் விடாமல் வீசினால் மேற்பரப்பு நீரைத் தள்ளுகிறது. பூமி சுழல்வதால் வட அரைக்கோளத்தில் அந்த நீர் காற்று போகும் திசைக்கு வலப்பக்கமாக விலகும். மேற்கிலிருந்து கிழக்கே வீசும் காற்றுக்கு வலப்பக்கம் தெற்கு. வடகரையில் நிற்கும் நமக்கு அது ஏரியின் நடுப்பக்கம். சூடான படலம் அப்படியே கரையைவிட்டு விலக, அந்த இடத்தை நிரப்ப ஆழத்துக் குளிர்நீர் மேலெழும். ஒரு நாளில் 10 பாகைக்கு மேல் விழுவது இங்கே அபூர்வமே இல்லை. பழைய நிலைக்குத் திரும்பச் சில நாட்கள் ஆகும்.

இதில் ஒரு வஞ்சகம் இருக்கிறது. இடியும் மழையுமாகக் கிடந்த புழுக்கம் விலகி, காற்று மேற்காகவும் வடமேற்காகவும் திரும்பும்போதுதான் வானம் துடைத்துவிட்டதுபோல் தெளியும். அந்த நாளைப் பார்த்துத்தான் எல்லாரும் "இன்றைக்கு ஏரிக்குப் போவம்" என்று கிளம்புகிறோம். ஆக, பல்கனியிலிருந்து பார்க்க ஆக அழகான நாளே தண்ணீர் ஆகக் குளிரான நாளாக இருக்க இடமுண்டு. மாறாகக் கிழக்குக் காற்று சூடான நீரை நம் கரையில் கொண்டுவந்து குவிக்கும். கூடவே மேகம், அலை, மிதக்கும் குப்பை எல்லாம் வரும்.

ஜூலையில் மாத்திரம் நடப்பதில்லை இது. ஆனால் ஜூலையில் சூடான படலம் இன்னும் மெல்லியது. சின்னக் காற்றுக்கே கிழிந்துபோகும். ஓகஸ்டில் அது தடித்துவிடுவதால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

ஜூலையைத் தெரிந்தால் செலவு பணத்தில் வராது, ஏமாற்றத்தில் வரும். அதனால் திகதி குறித்துப் பத்துக் குடும்பத்தை அழைக்கும் திட்டத்துக்கு இந்த மாதம் உதவாது. வீடு கரைக்கு அருகில், வேலை முடிந்து காற்றைப் பார்த்து நினைத்த நேரம் போகக்கூடியவர் என்றால் ஜூலையில் அருமையான பின்னேரங்கள் கிடைக்கும். இரண்டு நாளாக மேல்காற்றா என்று மட்டும் பாருங்கள். ஏரி நடுவில் மிதக்கும் அளவீட்டு மிதவைகளின் எண்ணை நம்பிக் கிளம்பவேண்டாம். கரையில் குளிர் மேலெழுந்திருப்பது அவற்றுக்குத் தெரியாமலே போகலாம்.

## ஓகஸ்ட்: சூடு உண்டு, சுத்தம் கேள்வி

வெப்பநிலைக்கு மட்டும் புள்ளி போட்டால் ஓகஸ்ட் வெல்லும். முதல் மூன்று வாரங்களில் 20 பாகைக்கு மேல் கிடைப்பது வழமை. உயிர்காப்பாளர் இருக்கிறார், கரையேறினால் காற்றும் சூடு. சின்னப் பிள்ளைகளுக்கு உடம்பின் அளவோடு பார்க்கத் தோலின் பரப்பு கூட. பெரியவர்களைவிடச் சீக்கிரம் சூட்டை இழப்பார்கள். அவர்களுக்கு ஓகஸ்ட்தான்.

சிக்கல் மழை. பழைய ரொறன்ரோவின் ஒரு பகுதியில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடுகின்றன. கோடையிடி மழை கொட்டினால் குழாய் நிரம்பி வழிந்து ஏரிக்குப் போகும். ஆறுகளும் தெருக் கழுவிய நீரைக் கொண்டுவரும். அதனால் பெருமழைக்குப் பிறகு 48 மணித்தியாலம் நான் இறங்குவதில்லை, பலகையில் என்ன எழுதியிருந்தாலும். ஹம்பர், ரூஜ் போன்ற ஆற்று வாய்களுக்கு அருகே உள்ள பீச்சுகளில் இந்தக் கவனம் இரட்டிப்பு.

அடுத்தது பாசி. கற்களில் தலைமயிர்போல் வளரும் பச்சைப் பாசி கோடையில் அறுந்து கரையொதுங்கி அழுகும்போது வரும் நாற்றம், கழிவுநீரோ என்று சந்தேகப்பட வைக்கும். வெளியிலிருந்து வந்து குடியேறிய மட்டிகள் தண்ணீரை வடிகட்டித் தெளிவாக்கியதால் வெயில் ஆழம்வரை போய் இந்தப் பாசியை வளர்க்கிறது. அதே மட்டியின் ஓடு காலைக் கிழிக்கும். தண்ணீரில் போடும் சப்பாத்து ஒரு சோடி அவசியம்.

வாகனத் தரிப்பிடத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பிளஃபர்ஸ் பார்க்கில் வாரயிறுதிக் காலையிலேயே நிரம்பிவிடும். பத்து மணிக்குப் பிறகு குடும்பத்தோடு கிளம்பினால் நீங்கள் நீந்தப் போவது அங்கே இறங்கும் பிறிம்லி வீதி நெரிசலில்தான்.

## செப்டெம்பர்: யாரும் சொல்லாத மாதம்

தொழிலாளர் தினம் முடிந்த செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் திறக்கும். அன்று பின்னேரம் பீச்சில் நானும் நாலு கடற்புறாக்களும் இருப்போம். ஏரி சூடாகப் பிந்தியதுபோலவே ஆறவும் பிந்துகிறது. மாதத்தின் முதல் பாதியில் தண்ணீர் பெரும்பாலும் ஜூலைக்குச் சமம், ஜூனைவிட எவ்வளவோ மேல். வெயில் தணிந்திருப்பதால் தோல் எரியாது. புழுக்கமும் இடியும் குறைவு.

மரிலின் பெல் 16 வயதில் இந்த ஏரியை முதன்முதலில் நீந்திக் கடந்தது 1954 செப்டெம்பரில். 8ஆந் திகதி இரவு அமெரிக்கக் கரையின் யங்ஸ்டவுனில் இறங்கி, ஏறத்தாழ 21 மணித்தியாலம் நீந்தி, மறுநாள் இரவு ரொறன்ரோக் கரையைத் தொட்டாள். நாம் ஏறக்கட்டி வைத்துவிட்ட மாதம் அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

இனி விலை. உயிர்காப்பாளர் கோபுரம் வெறுமையாகிவிடும், நாள்தோறும் தண்ணீர்ச் சோதனையும் நின்றுவிடும். ஏதும் நடந்தால் கூப்பிட ஆளில்லை. தனியாக இறங்குவது மடத்தனம். உடன் நீந்த ஒருவர், கரையில் ஒருவர் என்றால் நல்லது. தூரத்திலிருந்து தெரியும் நிறத்தில் இடுப்பில் கட்டி இழுக்கும் நீச்சல் மிதவை ஒன்றையும் வாங்கிவிடுங்கள். மாத நடுவில் சூரியன் மாலை ஏழரைக்கு முன்பே மறைந்துவிடுவதால் வேலை முடிந்து வருபவருக்கு நேரம் இறுகும். கரையேறிய பின்னும் உடம்பின் உட்சூடு சிறிது நேரம் இறங்கிக்கொண்டே போகும். நீந்தும்போது நடுங்காதவர் பத்து நிமிடம் கழித்துப் பல்லடிப்பது அதனால்தான். ஈர உடையை உடனே கழற்றி, தலைக்குத் தொப்பி, கைக்குச் சுடுதேநீர். நேரே காரில் ஏறி ஓட்டத் தொடங்காதீர்கள்.

மேல்காற்று செப்டெம்பரிலும் தன் வேலையைக் காட்டும். மாதப் பிற்பாதியில் காற்று பலத்துவிட்டால் கதை முடிந்தது.

## வேறு ஏரிக்குப் போனால் என்ன?

ஜூனிலேயே நீந்தவேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால் ஒன்ராறியோ ஏரியோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஆழம் குறைந்த ஏரி சீக்கிரம் சூடாகும். சிம்கோ ஏரியின் ஆகக் கூடிய ஆழமே ஏறத்தாழ 41 மீற்றர்தான். ஜூன் கடைசியில் அங்கே 20 பாகையை எதிர்பார்க்கலாம். ஹூரன் ஏரியின் ஜோர்ஜியன் குடாவில் 14 கிலோமீற்றர் நீளமான வசாகா பீச்சில் தண்ணீர் வெகுதூரம் இடுப்பளவுதான், நீந்தத் தெரியாத பெரியவர்களுக்கும் ஏற்றது. சராசரி 19 மீற்றர் ஆழமே உள்ள ஈரி ஏரி ஐந்து பேரேரிகளில் ஆகச் சூடானது. ஆனால் அதன் மேற்குப் பகுதியில் கோடைக் கடைசியில் நச்சுப் பாசி படர்வதுண்டு. 2014 ஓகஸ்டில் அமெரிக்கப் பக்கத்து டொலிடோ நகரமே குழாய்த் தண்ணீரைக் குடிக்கமுடியாமல் நின்றது. மறுமுனையில் சுப்பீரியர் ஏரி: சராசரி ஆழம் 147 மீற்றர், ஓகஸ்டிலும் பல இடங்களில் 15 பாகையைச் சுற்றித்தான். பார்க்கப் போங்கள்.

சூடான ஆழமில்லாத தண்ணீரிலும் ஒரு தொல்லை உண்டு. நத்தையிலும் நீர்ப்பறவையிலும் வாழும் ஒட்டுண்ணி மனிதத் தோலைத் தவறிப்போய்த் துளைப்பதால் வரும் சொறி. ஆபத்தில்லை, இரண்டு நாள் தூக்கம் போகும். கரையேறியதும் துவாயால் அழுத்தித் துடைத்தால் குறையும்.

## சரி, நீங்கள் எப்போது போகலாம்?

பிள்ளைகளோடு, நாள் குறித்து, சாப்பாடு கட்டிக்கொண்டு போகும் குடும்பம் என்றால் ஓகஸ்டின் முதல் மூன்று வாரத்தில் ஒரு நாள். வாரநாளாக இருந்தால் இன்னும் நல்லது. அதற்கு முந்தைய இரண்டு நாளில் பெருமழை பெய்திருந்தால் வசாகாவுக்குத் திசையை மாற்றுங்கள்.

கரைக்கு அருகில் வசித்து, நீந்தத் தெரிந்து, காற்றைப் பார்க்கும் பழக்கமும் இருந்தால் ஜூலை நடுவிலிருந்து தொடங்கலாம். அந்தப் பழக்கம் இல்லாதவர் ஓகஸ்ட்வரை பொறுக்கலாம்.

ஊரில் கடலில் நீந்திப் பழகி, "எனக்கென்ன" என்று நினைப்பவருக்குத் தனியாக ஒரு சொல்: நன்னீர் கடல்நீரைப்போல் உங்களைத் தாங்காது. அங்கே சும்மா மல்லாந்து மிதந்த உடம்பு இங்கே மெல்லத் தாழும். முதல் தடவை உயிர்காப்பாளர் இருக்கும் மாதத்தில், கால் எட்டும் ஆழத்தில் சோதித்துப் பாருங்கள்.

கூட்டமும் இரைச்சலும் பிடிக்காத, துணையுள்ள, ஓரளவு குளிர் பழகிய நீச்சல்காரருக்கு ஓகஸ்ட் கடைசி வாரமும் செப்டெம்பர் முதல் இரண்டு வாரமும். என்னைக் கேட்டால் அந்த மூன்று வாரத்துக்காகத்தான் மிச்ச வருடம் முழுக்கக் காத்திருக்கிறேன்.

எந்த மாதமானாலும் குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டிக்குப் போடும் வெப்பமானி ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். முழங்கால் ஆழத்தில் பிடித்து ஒரு நிமிடம் பார்த்தால் போதும். மச்சான் இப்போது என்னிடம் கேட்பதில்லை. சொந்தமாக ஒன்று வைத்திருக்கிறார்.